ஃபியூஸ் எரிக்கும் மேசை: உட்பொதி லினக்ஸ் சாதனங்களில் கையொப்பமிட்ட, மறையாக்கிய பூட்லோடரை நிறுவுதல்

1. ஆய்வின் எல்லை

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம், வரலாறு படித்தவர்களுக்கு ஒரு செப்பேட்டின் பெயராகத்தான் முதலில் அறிமுகமாகும். 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்ம பல்லவனின் சாசனம் அது. அவ்வூர்ச் சிவன் கோயிலுக்கு விட்ட நிலத்தையும், அங்கே பாரதம் வாசிக்கச் செய்த ஏற்பாட்டையும், பாலாற்றிலிருந்து வெட்டிய பெரும்பிடுகு வாய்க்காலையும் வடமொழியிலும் தமிழிலும் அது பதிவு செய்கிறது. பல்லவர் காலத்தில் இத்தகைய ஏடுகளைத் துளையிட்டு ஒரு வளையத்தில் கோத்து, வளையத்தின் வாயை ரிஷபம் பொறித்த முத்திரையால் அடைப்பது வழக்கம். வளையத்தை அறுக்காமல் நடுவில் ஓர் ஏட்டைச் செருகவோ உருவவோ முடியாது. ஏட்டில் உள்ளதை எவரும் படிக்கலாம். ஊரார் படித்தறியவே அது எழுதப்பட்டது. மாற்ற முடியாமை ஒன்று, படிக்க முடியாமை வேறொன்று என்ற இந்தப் பிரிவினையை இக்கட்டுரை நெடுகிலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இன்றைய கிராமத்தில் முத்திரை தேவைப்படும் பொருள்கள் வேறு. தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் 12,525 ஊராட்சிகளுக்கும் இணைய இணைப்பைக் கொண்டுசெல்லும் பணியை மேற்கொண்டிருக்கிறது. ஊராட்சி அலுவலகத்தின் ரூட்டர், தெருமுனைக் கண்காணிப்புக் கேமரா, ரேஷன் கடையின் விரல்ரேகை இயந்திரம் என்று கம்பத்திலும் மேசையிலும் ஆளில்லாமல் கிடக்கும் கணினிகள் பெருகிவிட்டன. இவற்றில் பல லினக்ஸில் ஓடுபவை. மின்சாரம் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் இவை பூஜ்யத்திலிருந்து எழுகின்றன. எழும்போது ஓடும் முதல் நிரல் தயாரிப்பாளர் எழுதியதுதான் என்பதற்கு யார் சாட்சி என்பதே இங்கு எடுத்துக்கொண்ட கேள்வி.

கணித நூல்கள் இதற்குத் தெளிவாக விடை சொல்லிவிட்டன. ஆனால் நடைமுறையில் இந்தப் பாதுகாப்பு தோற்ற இடங்களைத் தொகுத்துப் பார்த்தால், கணிதம் தோற்றதாக ஏறக்குறைய எதுவும் கிடைப்பதில்லை. சாவியைச் சில்லுக்குள் எழுதும் தொழிற்சாலை மேசையிலும், அந்தச் சாவிக்கு இணையான தனிச்சாவியை வைத்திருந்த கணினியிலும்தான் பெரும்பாலான பிழைகள் நடந்திருக்கின்றன. எனவே இக்கட்டுரை சூத்திரங்களைச் சுருக்கமாகக் கடந்து, மேசையில் அதிக நேரம் நிற்கும். மேசைக்கணினிகளும் கைப்பேசிகளும் இதன் எல்லைக்குள் வரவில்லை. ஒப்பீட்டுக்கு மட்டும் அவை எட்டிப்பார்க்கும்.

2. நம்பிக்கைச் சங்கிலி

சில்லின் உள்ளேயே, உற்பத்தியின்போது பதிந்த ஒரு சிறு நிரல் இருக்கிறது. அதை பூட் ராம் (boot ROM) என்பார்கள். அதை மாற்ற முடியாது, அழிக்கவும் முடியாது. மின்சாரம் வந்ததும் ஓடுவது அதுதான். அது வெளி நினைவகத்திலிருந்து முதல் பூட்லோடரை எடுக்கிறது. முதல் பூட்லோடர் டிராம் நினைவகத்தைத் தயார் செய்து அடுத்ததை எடுக்கிறது. உட்பொதி உலகில் அந்த இரண்டாவது, பெரும்பாலும் யு-பூட். யு-பூட் லினக்ஸ் கர்னலையும் வன்பொருள் விவரக் கோப்பையும் ஏற்றுகிறது. கர்னல் கோப்பு முறைமையைத் திறக்கிறது. ஒவ்வொருவரும் தமக்கு அடுத்தவரின் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே பிடியை விடுகிறார்கள்.

பூட் ராம் எதைக் கொண்டு சரிபார்க்கும்? தயாரிப்பாளரின் பொதுச்சாவியைக் கொண்டு. அந்தச் சாவி முழுவதையும் சில்லுக்குள் வைக்க இடம் போதாது; அதன் எஸ்எச்ஏ-256 ஹாஷ் மட்டும் இ-ஃபியூஸ் எனப்படும், ஒரே ஒரு முறை எழுதக்கூடிய பிட்டுகளில் பதியப்படுகிறது. என்எக்ஸ்பி நிறுவனத்தின் ஐ.எம்எக்ஸ் 6 வரிசையில் நான்கு வேர்ச்சாவிகளுக்குச் சேர்த்து ஒரே ஹாஷ். 256 பிட், 32 பிட் கொண்ட எட்டுச் சொற்களாக எழுதப்படும். நான்கில் முதல் மூன்று சாவிகளைப் பின்னாளில் ரத்து செய்யலாம். நான்காவதை ரத்து செய்ய வழியில்லை. எஸ்டி நிறுவனத்தின் எஸ்டிஎம்32எம்பி1, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏஎம்62, ராஸ்பெரி பை 4 எனப் பெயர்களும் கருவிகளும் மாறினாலும் எலும்புக்கூடு இதுவே. ராஸ்பெரி பையையும் இப்படிப் பூட்டலாம் என்பது அதைப் பள்ளி ஆய்வகப் பலகையாக மட்டும் பார்த்தவர்களுக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

ஃபியூஸில் எழுதியதைத் திருத்த முடியாது என்பதே இந்தச் சங்கிலியின் பலம். அதே குணம்தான் நான்காம் பிரிவில் சொல்லப்போகும் எல்லாத் துன்பத்துக்கும் காரணம்.

3. கையொப்பம் ஒன்று, மறையாக்கம் வேறு

கையொப்பமிட்ட பூட்லோடரை எவரும் படிக்கலாம், எவரும் மாற்ற முடியாது. மறையாக்கிய பூட்லோடரை எவரும் படிக்க முடியாது. அதை மாற்ற முடியுமா? இந்த இடத்தில்தான் அனுபவமுள்ள பொறியாளர்கள்கூடச் சறுக்குகிறார்கள். படிக்க முடியாததை எப்படி மாற்றுவது என்று தோன்றுவது இயல்பு. ஏஇஎஸ் சிபிசி முறையில் மறையாக்கிய கோப்பின் ஒரு பிட்டைப் புரட்டினால், மறைநீக்கிய பின் அதற்கு அடுத்த கட்டத்தில் அதே இடத்துப் பிட் புரளும். மூலத்தில் அந்த இடத்தில் என்ன இருக்கும் என்று ஊகிக்க முடிந்தவருக்கு, தாம் விரும்பும் கட்டளையை அங்கே உட்கார வைக்கச் சாவி தேவையில்லை.

ஏட்டுச் சுரைக்காய் என்று இதைத் தள்ளிவிட முடியாது என்பதை 2020இல் மைக் எண்டர், அமீர் மொராதி, கிறிஸ்டோஃப் பார் ஆகியோர் ஜெர்மனியிலிருந்து வெளியிட்ட ஸ்டார்பிளீட் ஆய்வு காட்டியது. ஜைலிங்ஸ் நிறுவனத்தின் 7 வரிசை எஃப்பிஜிஏ சில்லுகள் தம் அமைவுக் கோப்பை ஏஇஎஸ்-256ஆல் மறைத்து ஏற்றுகின்றன. கோப்பின் முழுமையைச் சோதிக்கும் குறியீடும் உள்ளே இருந்தது. ஆனால் அந்தச் சோதனை ஏற்றத்தின் கடைசியில் நடந்தது. ஆய்வாளர்கள் சில பிட்டுகளைப் புரட்டி, மறைநீக்கிய சொல் ஒன்றைச் சில்லின் ஒரு பதிவகத்தில் எழுத வைத்தார்கள். கடைசியில் சோதனை தோற்றது, சில்லு மீளத் தொடங்கியது, அந்தப் பதிவகம் மட்டும் அழியாமல் இருந்தது. அதைப் படித்தார்கள். இப்படிச் சொல் சொல்லாக முழுக் கோப்பும் வெளிவந்தது. சாவியை அவர்கள் ஒருபோதும் காணவில்லை. சாவியை வைத்திருந்த சில்லே அவர்களுக்காக மறைநீக்கிக் கொடுத்தது. குறை வன்பொருளில் இருந்ததால் விற்ற சில்லுகளுக்கு மருந்தில்லை.

ஆகவே முதல் விதி: கையொப்பச் சோதனை இல்லாத மறையாக்கம் பாதுகாப்பு ஆகாது. சோதனை முடியும்வரை மறைநீக்கிய எதையும் இயக்கவும் கூடாது.

இரண்டாவது கேள்வி, மறையாக்கம் தேவைதானா என்பது. யு-பூட் ஜிபிஎல் உரிமத்தில் வருவது. அதை வைத்துப் பொருள் விற்பவர், வாங்கியவர் கேட்டால் மூலநிரலைக் கொடுத்தாக வேண்டும். கேட்டால் கொடுக்க வேண்டிய ஒன்றைச் சில்லுக்குள் மறைத்து வைப்பதால் கிடைப்பது என்ன? பூட்லோடருக்குள் கடவுச்சொல்லோ சர்வர் சாவியோ இருக்கிறது, அதனால் மறைக்கிறோம் என்றால், தவறு அவற்றை அங்கே வைத்ததில் இருக்கிறது. மறைக்க வேண்டியவை பெரும்பாலும் பின்னால் வருபவை: நிறுவனத்தின் சொந்தச் செயலி, பயனர் தரவு, சாதனத்தின் அடையாளச் சாவி. அவை இருக்கும் பகிர்வை, சில்லுக்குச் சில்லு வேறுபடும் சாவியால் மறைப்பது பொருத்தமான இடத்தில் செய்யும் மறையாக்கம். செயலியில் தனியே பிரித்த பாதுகாப்பு உலகில் (secure world) ஓடும் நிறுவனச் சொந்த நிரல்கள் பூட்லோடரோடு சேர்ந்தே பயணிக்கும் சில வடிவமைப்புகளில் மட்டும் பூட்லோடரையும் மறைப்பதற்கு நியாயம் இருக்கிறது. மற்ற இடங்களில் அது விளம்பரத் தாளில் ஒரு வரி கூட்டும், உற்பத்தியில் ஒரு தலைவலி கூட்டும். தலைவலி எப்படிப்பட்டது என்பதை இனிப் பார்ப்போம்.

4. நிறுவும் மேசை

கூரம் இருக்கும் அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் இருக்கின்றன. நாட்டின் மின்னணுப் பொருள் உற்பத்தியில் கணிசமான பங்கு இந்தப் பட்டையில் நடக்கிறது. பலகையை வடிவமைத்தவர் ஒரு நிறுவனம், அதைக் கோத்துத் தருபவர் இன்னொரு நிறுவனம் என்பது இங்கு சாதாரணம். எனவே ஃபியூஸ் எரிப்பவர் சாவிக்கு உரியவர் அல்லர். பாதுகாப்பான பூட் பற்றிய கையேடுகளில் பல, பொறியாளர் தம் மேசையில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு கட்டளைகளைத் தட்டுவதாகவே கற்பனை செய்கின்றன. லைனில் நிலைமை வேறு. ஷிப்டுக்கு ஷிப்ட் ஆள் மாறுவார்; ஜிக்கில் பலகையை வைப்பார், பச்சை விளக்கு எரிந்தால் அடுத்ததை எடுப்பார்.

ஐ.எம்எக்ஸ் 6ஐ எடுத்துக்காட்டாகக் கொண்டு வரிசையைப் பார்க்கலாம். புதிய சில்லு திறந்த நிலையில் வருகிறது. திறந்த நிலையிலும் அது கையொப்பத்தைச் சோதிக்கும். தோற்றால் நிகழ்வுப் பதிவில் எழுதிவைத்துவிட்டுப் பூட்டைத் தொடரும். இது பெரிய சலுகை. கையொப்பமிட்ட பூட்லோடரை ஏற்றி, வேர்ச்சாவிகளின் ஹாஷை எரித்து, யு-பூட்டில் ஹாப்_ஸ்டேட்டஸ் கட்டளையைக் கொடுத்து, பிழை நிகழ்வு எதுவும் இல்லை என்று விடை வந்த பிறகே கையொப்பம் பிசகினால் எழ மறுக்கும் மூடிய நிலைக்கான ஒற்றை பிட்டை எரிக்க வேண்டும். விடையைப் பார்க்காமல் பிட்டை எரித்து, ஹாஷில் பிழை இருந்தால், அந்தப் பலகை இனி எழாது. லைனில் இதைப் 'போர்டு செத்துப்போச்சு' என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

ஹாஷில் பிழை எப்படி வரும்? மிக எளிதாக. ஹாஷ் கோப்பில் பைட்டுகள் ஒரு வரிசையில் இருக்கும். ஃபியூஸ் சொற்கள் அவற்றை எதிர்வரிசையில் எதிர்பார்க்கும். கோப்பை அப்படியே படித்து எழுதும் ஸ்கிரிப்ட் ஒன்று, ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் நான்கு பைட்டுகளைத் தலைகீழாக்காமல் விட்டால் போதும். எரித்த பிட்டை 1இலிருந்து 0 ஆக்க முடியாது. ஒரு பெட்டிப் பலகையும் ஒரே மாதிரிச் சாகும், ஏனெனில் ஸ்கிரிப்ட் ஒன்றுதானே. முதல் பலகையை மூடி, மின்சாரத்தை நிறுத்தி, மீண்டும் எழுப்பிப் பார்த்த பிறகே இரண்டாவதைத் தொட வேண்டும் என்ற விதி பழைய லைன் மேற்பார்வையாளர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மென்பொருள் பக்கத்திலிருந்து வரும் இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களுக்குப் பிழை என்றால் திருத்தி மறுபடி ஓட்டுவது.

மறையாக்கம் சேர்ந்தால் வரிசை இன்னும் நுட்பமாகிறது. பூட்லோடரை மறைத்த ஏஇஎஸ் சாவியைச் சில்லு தன் தனிப்பட்ட முதன்மைச் சாவியால் பொதிந்து வைத்துக்கொள்கிறது. அந்த முதன்மைச் சாவி ஒவ்வொரு சில்லுக்கும் வேறு. வெளியிலிருந்து படிக்க முடியாது. ஆனால் சில்லு திறந்த நிலையில் இருக்கும்போது உண்மையான முதன்மைச் சாவிக்குப் பதிலாக எல்லோருக்கும் பொதுவான ஒரு சோதனைச் சாவியைத்தான் பயன்படுத்தும். திறந்த நிலையில் செய்த பொதி, மூடிய பிறகு அவிழாது. ஆகவே முதலில் கையொப்பம் மட்டும் இட்ட ஓர் இடைக்காலப் பூட்லோடரைக் கொண்டு சில்லை மூட வேண்டும். மூடிய சில்லை எழுப்பி, அதற்குள்ளேயே பொதியைச் செய்ய வேண்டும். பிறகே மறையாக்கிய பூட்லோடரை அந்தப் பொதியோடு சேர்த்து எழுத வேண்டும். இந்த வரிசையைக் குழப்பினால், எல்லாச் சோதனையிலும் தேறிய பலகை வாடிக்கையாளர் கையில் முதல் நாளே எழாமல் போகும்.

இதில் ஒளிந்திருக்கும் பெரிய ஓட்டை வேறு. பொதி செய்ய வேண்டுமானால் அந்த ஏஇஎஸ் சாவி பச்சையாக, மறைக்கப்படாமல், ஒவ்வொரு பலகைக்கும் போக வேண்டும். யார் மூலமாக? ஜிக்கை இயக்கும் கணினி மூலமாக. எந்த ஒப்பந்தத் தொழிற்சாலையிடமிருந்து நிரலை மறைக்க இத்தனை பாடுபட்டோமோ, அந்தத் தொழிற்சாலையின் கணினியிலேயே சாவி கிடக்கிறது. சில்லு நிறுவனங்கள் இதை உணர்ந்து மாற்று வழிகளைக் கொண்டுவந்தன. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சாவி எழுதும் நிரல், சாவிகளைச் சில்லு மட்டுமே அவிழ்க்கக்கூடிய மறையுறையில் வாங்கிக்கொள்கிறது; ஜிக் கணினி உறையை மட்டுமே பார்க்கும். எஸ்டி நிறுவனம் ஒரு ஸ்மார்ட் அட்டை தருகிறது. எத்தனை பலகைக்கு ரகசியம் எழுதலாம் என்ற எண்ணிக்கையை அந்த அட்டையில் பதிந்து தொழிற்சாலைக்கு அனுப்பலாம். எண்ணிக்கை தீர்ந்ததும் அட்டை மறுத்துவிடும். இரவு ஷிப்டில் கணக்கில் வராத பலகைகள் பிறப்பதற்கும் அது தடை. சாவியோடு கணக்கையும் சேர்த்துக் காப்பதால் இந்த அட்டை முறையை நான் மேலானதாகக் கருதுகிறேன்.

வர்த்தக அழுத்தம் பெரும்பாலும் எதிர்த்திசையில் இழுக்கும். எல்லாப் பலகைக்கும் ஒரே மறையாக்கச் சாவி என்றால் கோப்பு ஒன்று, லைன் வேகம் அதிகம், புதுப்பிப்பும் எளிது. ஆனால் எவராவது ஒரே ஒரு பலகையை வாங்கி, மின்நுகர்வின் ஏற்ற இறக்கத்தை அளந்து சாவியைப் பிரித்தெடுத்துவிட்டால், தமிழ்நாடு முழுக்க இருக்கும் எல்லாப் பலகைகளும் திறந்துவிடும். கையொப்ப முறையில் இந்த ஆபத்து இல்லை. பலகைக்குள் இருப்பது பொதுச்சாவியின் ஹாஷ் மட்டுமே. அதைப் பிரித்தெடுத்தவருக்கு லாபமில்லை.

மேசையை விட்டு எழும் முன் கதவுகளைச் சாத்த வேண்டும். ஜேடேக் பிழைதிருத்த வாயில், யுஎஸ்பி வழி ஏற்றும் பதிவிறக்க முறை, பலகையில் மூன்று புள்ளிகளாகத் தெரியும் சீரியல் கன்சோல் ஆகிய மூன்றும் மேம்படுத்தும் காலத்தில் உயிர், விற்பனைக்குப் பின் ஓட்டை. மூடிய பிறகு பழுதாகித் திரும்பி வரும் பலகையை எப்படி ஆராய்வது என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும். ஐ.எம்எக்ஸில் இதற்கென்று ஒரு களத்திரும்பல் ஃபியூஸ் இருக்கிறது. அந்தச் சில்லின் தனி எண்ணைக் குறிப்பிட்டுத் தயாரிப்பாளர் கையொப்பமிட்ட கட்டளை இல்லாமல் அதை எரிக்க முடியாது. எரித்த பலகை மீண்டும் விற்பனைக்குப் போகக் கூடாது.

5. தனிச்சாவி இருக்கும் இடம்

பொதுச்சாவி சில்லில் உறைந்துவிட்டது. அதற்கு இணையான தனிச்சாவி எங்கே? உண்மையைச் சொன்னால், சிறிய நிறுவனங்களில் பெரும்பாலும் மென்பொருள் குழுத் தலைவரின் மடிக்கணினியில், அல்லது தானியங்கி பில்ட் சர்வரில், சில வேளை நிரல்களோடு சேர்ந்தே ஒரு களஞ்சியத்தில். அங்கிருந்து அது கசிவது அரிய நிகழ்ச்சி ஆகாது. 2023இல் தைவானின் எம்எஸ்ஐ நிறுவனத்தில் புகுந்த மிரட்டல் கும்பல் வெளியிட்ட கோப்புகளில், ஃபர்ம்வேர் கையொப்பச் சாவிகளும் இன்டெல் பூட் கார்டு சாவிகளும் இருந்தன. சில்லில் பதிந்த வேரை மாற்ற முடியாது என்பதால், அந்தப் பலகைகளின் வேர் நம்பிக்கை அத்துடன் போயிற்று.

அதைவிட வெட்கக்கேடானது, 2024இல் பைனார்லி ஆய்வாளர்கள் பிகேஃபெயில் என்று பெயரிட்டு வெளியிட்டது. பயாஸ் தயாரிப்பாளர் எடுத்துக்காட்டுக்காகக் கொடுத்த சோதனைச் சாவி நூற்றுக்கணக்கான கணினி மாதிரிகளில் அப்படியே விற்பனைக்குப் போயிருந்தது. சாவியின் சான்றிதழிலேயே 'நம்பாதே' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எழுதியிருந்ததை ஒருவரும் படிக்கவில்லை. உட்பொதி லினக்ஸிலும் இதே குழி இருக்கிறது: பாதுகாப்பு உலகின் திறந்த மென்பொருளான ஆப்-டீ, நம்பகச் செயலிகளுக்குக் கையொப்பமிட ஒரு சோதனைத் தனிச்சாவியைத் தன் பொதுக் களஞ்சியத்திலேயே வைத்திருக்கிறது. அதை மாற்றாமல் பொருளை அனுப்பினால், உலகில் எவரும் அந்தப் பொருளுக்குச் செயலி எழுதிக் கையொப்பமிடலாம்.

இதற்கு மருந்து தெரிந்ததுதான். வேர்ச்சாவிகளை வலையில் இல்லாத கணினியில் உருவாக்கி வன்பொருள் பெட்டகத்தில் வைப்பது. இருவர் கூடினால் மட்டுமே திறப்பது. அன்றாடக் கையொப்பத்துக்கு வேருக்குக் கீழே ஒரு துணைச்சாவியை மட்டும் பயன்படுத்துவது. பில்ட் சர்வர் சாவியைத் தொடக் கூடாது; ஹாஷை அனுப்பிக் கையொப்பத்தை மட்டும் வாங்க வேண்டும். சீரற்ற எண்ணின் தரமும் இதில் அடக்கம். 2010 டிசம்பரில் ஃபெயில்ஓவர்ஃப்ளோ குழு, சோனியின் பிளேஸ்டேஷன் 3 கையொப்பங்களில் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டிய எண் மாறாமல் இருந்ததைக் கண்டு, இரண்டு கையொப்பங்களைக் கொண்டு பள்ளி இயற்கணித அளவிலேயே தனிச்சாவியைக் கணக்கிட்டுக் காட்டியது.

6. சோதித்ததும் இயக்கியதும் ஒன்றுதானா

முதல் பூட்லோடர் சரி, யு-பூட் சரி. யு-பூட்டுக்குப் பின் என்ன என்பதில் பல நிறுவல்கள் கோட்டை விடுகின்றன. யு-பூட் தன் சூழல் மாறிகளை ஃபிளாஷில் வைத்துக்கொள்ளும். அதற்குக் கையொப்பம் கிடையாது. கர்னலுக்கான தொடக்கக் கட்டளை அந்த மாறிகளில் இருந்தால், கர்னலைத் தொடாமலேயே அதன் முதல் செயலியை மாற்றிவிடலாம். சூழலை ஃபிளாஷிலிருந்து படிக்காதபடி கட்டுவதும், கையொப்பம் இல்லாத பழைய படிம வடிவத்தை நீக்குவதும், பூட்டிலே (bootdelay) மாறிக்கு -2 மதிப்பைக் கொடுத்து விசைத்தட்டலால் நிறுத்த முடியாதபடி செய்வதும் குறைந்தபட்சம். கர்னல், விவரக் கோப்பு, தொடக்க ராம்டிஸ்க் ஆகியவற்றுக்குத் தனித்தனியே கையொப்பமிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. ஒரு பதிப்பின் கர்னலையும் வேறொரு பதிப்பின் விவரக் கோப்பையும் இணைத்து, இரண்டும் முறையான கையொப்பத்தோடு, எவரும் திட்டமிடாத ஒரு கலவையை ஏற்ற முடியும். கையொப்பம் அவற்றின் தொகுப்புக்கு இருக்க வேண்டும்.

இதைவிட நுண்ணிய பிழை, சோதனைக்கும் பயன்பாட்டுக்கும் இடையில் பொருள் மாறுவது. வெளி ஃபிளாஷில் உள்ள படிமத்தை ஒருமுறை படித்துச் சோதித்துவிட்டு, இயக்கும்போது மீண்டும் ஃபிளாஷிலிருந்தே படித்தால், ஃபிளாஷைப் போலி செய்யும் ஒரு சிறு சுற்று முதல் தடவை நல்லதையும் இரண்டாம் தடவை கெட்டதையும் கொடுக்கும். உத்திரமேரூர்ச் சபையார் இந்தச் சிக்கலை நன்றாக அறிந்திருந்தார்கள். முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பது அறியாத சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவன் வாசித்ததை அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் வாசிக்க வேண்டும். விரல்கள் மடங்கியிருந்தால், எடுத்த ஓலைக்கும் வாசித்த ஓலைக்கும் இடையில் இன்னொன்று புகலாம். பூட் ராம் செய்ய வேண்டியதும் இதுவே: படிமத்தைச் சில்லின் உள் நினைவகத்துக்குக் கொண்டுவந்து, அங்கே சோதித்து, சோதித்த அந்தப் பிரதியையே இயக்குவது.

பழைய பதிப்புக்குத் திரும்புவது இன்னொரு வாசல். பழைய பூட்லோடரும் முறையாகக் கையொப்பமிட்டதுதான். அதில் கண்டறிந்த ஓட்டையும் அப்படியே இருக்கும். ஃபியூஸ் எண்ணியிலோ, இஎம்எம்சி நினைவகத்தின் ஆர்பிஎம்பி பகுதியிலோ குறைந்தபட்சப் பதிப்பெண்ணை வைத்து அதற்குக் கீழானதை மறுக்க வேண்டும். ஃபியூஸ் எண்ணியில் பிட்டுகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. பாதுகாப்புப் பிழை திருத்தும்போது மட்டும் ஒன்றைச் செலவிடுவது நல்லது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் செலவிட்டால் சில ஆண்டுகளில் கையிருப்பு தீரும்.

இத்தனையும் செய்தால் கேமரா பத்திரமா? 2016இல் கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்த மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லால் நுழைந்து நினைவகத்தில் மட்டும் வாழ்ந்தது. அணைத்து எழுப்பினால் போய்விடும், சில நிமிடத்தில் மீண்டும் வரும். பாதுகாப்பான பூட் அதன் மீது ஒரு கீறலும் போட்டிருக்காது. 2018இல் குறைந்தது 5,00,000 சாதனங்களில் கண்டறிந்த விபிஎன்ஃபில்டரோ அணைத்தாலும் போகாதபடி ஃபிளாஷில் வேர்விட்டது. சங்கிலி கோப்பு முறைமை வரை நீண்டிருந்தால் அத்தகையதற்கு இடம் குறையும். பாதுகாப்பான பூட் தொற்றைத் தடுப்பதில்லை. தொற்று குடியேறுவதைத் தடுக்கிறது.

7. சில்லுக்குள்ளேயே தவறு

வேர் சொத்தையானால்? 2017இல் குவார்க்ஸ்லேப் ஆய்வாளர்கள், என்எக்ஸ்பி பூட் ராமின் சான்றிதழ் படிக்கும் பகுதியில் ஒரு நினைவக வழிதலையும், யுஎஸ்பி பதிவிறக்க முறையில் இன்னொரு பிழையையும் வெளியிட்டார்கள். 2018இல் நின்டெண்டோ ஸ்விட்சில் இருந்த டெக்ரா எக்ஸ்1 சில்லின் மீட்பு முறையும் யுஎஸ்பி வழியே உடைந்தது. பூட் ராமைத் திருத்த முடியாது. புதிய சில்லு வடித்தால்தான் உண்டு. பதிவிறக்க முறையை மூடும் ஃபியூஸை எரித்தவர்கள் இத்தகைய வேளைகளில் ஓரளவு தப்பினார்கள்.

பூட் ராமின் மூலநிரலைத் தயாரிப்பாளர்கள் வழக்கமாகக் காட்டுவதில்லை. சென்னை ஐஐடியின் சக்தி திட்டம் இங்கு வேறு பாதையைத் திறக்கிறது. ரிஸ்க்-ஃபைவ் அடிப்படையில் திறந்த வடிவமைப்பாக உருவான அதன் செயலி 2018இல் இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையில் வடிக்கப்பட்டு லினக்ஸை எழுப்பியது. அதே வளாகச் சூழலில் வளர்ந்த மைண்ட்குரோவ் நிறுவனம் 2024இல் ஒரு பாதுகாப்பு நோக்குள்ள ஐஓடி சில்லை அறிமுகப்படுத்தியது. அது சிறு கட்டுப்படுத்தி வகை, முழு லினக்ஸுக்கானது அன்று. வடிவமைப்பு திறந்திருப்பதால் பிழை இல்லாமல் போய்விடாது. வேரை ஆயிரம் பேர் முன்கூட்டியே படித்துப் பார்க்க முடியும் என்பதே ஆதாயம்.

8. விதியும் உரிமையும்

2024 ஏப்ரலில் ஒன்றிய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் கண்காணிப்புக் கேமராக்களுக்கான கட்டாயப் பதிவு விதியில் பாதுகாப்புத் தேவைகளைச் சேர்த்தது. 2025 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. பூட் படிமத்தின் கையொப்பத்தைச் சரிபார்ப்பது, சாதனத்துக்குச் சாதனம் சாவி வேறுபடுவது, பழைய பதிப்புக்குத் திரும்ப விடாமை ஆகியவை அதில் இருக்கின்றன. இது நல்ல தொடக்கம். ஆனால் ஆய்வகம் சோதிப்பது மாதிரிக்குக் கொடுத்த சில கேமராக்களை. லைனில் ஓடும் ஆயிரமாவது கேமராவில் மூடும் பிட் எரிந்திருக்கிறதா என்பதை ஃபியூஸ் வாசிப்புப் பதிவு மட்டுமே சொல்லும். அந்தப் பதிவைக் கேட்டு வாங்கும் பழக்கம் கொள்முதல் செய்பவரிடம் இருக்க வேண்டும்.

மறுபக்கமும் இருக்கிறது. பூட்டிய சாதனத்தில் உரிமையாளர் தம் சொந்த மென்பொருளை ஏற்ற முடியாது. 2007இல் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு வீட்டுப் பயன்பாட்டுப் பொருள்களில் இதைத் தடுக்க முயன்றது; லினக்ஸ் கர்னல் இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டதால் பூட்டுவதற்குச் சட்டத் தடை பலமாக இல்லை. ரேஷன் கடை இயந்திரத்தை எவரும் மாற்றக் கூடாது என்பது பொதுநலன். ஆனால் ஒரு விவசாயி தம் பணத்தில் வாங்கிய பம்புசெட் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் அதே பூட்டா? இரண்டையும் ஒரே தராசில் வைப்பதை ஏற்க முடியவில்லை. இரண்டாவதில், உரிமையாளருக்கென ஒரு சாவியையும் முன்கூட்டியே சேர்த்து ஃபியூஸ் எரிப்பது தொழில்நுட்ப அளவில் கடினமானதன்று. ஐ.எம்எக்ஸில் நான்கு வேர்ச்சாவிகள் இருக்கின்றனவே.

நிறுவனம் மறைந்தால் என்னாகும் என்ற கேள்வியையும் தள்ளிப்போட முடியாது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. உலகப் பெயர் பெற்ற ஆலைக்கே எட்டு ஆண்டுதான் என்றால், பதினைந்து ஆண்டு கம்பத்தில் நிற்க வேண்டிய கேமராவைச் செய்யும் சிறு நிறுவனம் எத்தனை காலம் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதன் தனிச்சாவி தொலைந்தால் சாதனங்கள் ஓடும். ஆனால் இனி எந்த ஓட்டையையும் அடைக்க முடியாது. ஊராட்சிக்கோ மாவட்ட நிர்வாகத்துக்கோ கருவி வாங்கும் ஒப்பந்தத்தில் இதற்கென்று சில வரிகள் வேண்டும்: வேர்ச்சாவியின் ஒரு பிரதி மூன்றாம் நம்பகத் தரப்பிடம் முத்திரையிட்டு இருக்க வேண்டும், நிறுவனம் மூடினாலோ புதுப்பிப்பை நிறுத்தினாலோ அது வாங்கியவரிடம் வர வேண்டும், ஒவ்வொரு பலகையின் சில்லு எண்ணும் ஃபியூஸ் வாசிப்பும் சரக்கோடு சேர்த்து ஒப்படைக்கப்பட வேண்டும், நான்கு வேர்ச்சாவிகளில் குறைந்தது இரண்டு, ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல், வேறு ஊரில் உள்ள பெட்டகத்தில் இருக்க வேண்டும்.